பாட்டில் மேல் ஒரு ஊர், உள்ளே ஒரு ஊர்

போன கார்த்திகை தீபத்துக்கு இருபது நாள் முன்பு, செங்கத்து லாரி டிரைவர் ஒருவர் எங்கள் கடையில் ஜிஞ்சர் பீர், அதாவது சுக்கு சோடா, குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாங்க இது, சக்கரத் தண்ணியா? எங்க ஊரு ஜிஞ்சர் மூக்குல ஏறும்."

அந்த நிமிடம்தான் எனக்குத் தோன்றியது. திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி என்று நாலு ஊரில் சோடா கம்பெனி இருக்கிறது. எல்லாரும் ஜிஞ்சர் போடுகிறார்கள். எது நல்லது என்று யாராவது வரிசையாகக் குடித்துப் பார்த்திருக்கிறார்களா?

திருவண்ணாமலை தேரடித் தெருக் கூல் டிரிங்க்ஸ் கடையில் எனக்கு அப்போது எட்டு மாத சர்வீஸ். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பாட்டில் எண்ணுவதற்கா படித்தோம் என்ற அரிப்பு வேறு. முதலாளியிடம் சொன்னேன்.

"தீபத்துக்கு ஸ்டால் போடறோம். மலை சுத்திட்டு குளிர்ல வர்ற ஜனம் ஜிஞ்சர்தான் கேக்கும். நீ சொல்ற சரக்கையே எடுக்கறேன். ஆனா ஜனம் மூஞ்ச சுளிச்சா, தீபத்தோட நீ வூட்டுக்குப் போயிடு" என்றார்.

சரி என்றேன். என் வயதில் எல்லாவற்றுக்கும் சரிதான்.

ருசி பார்த்த நாள்

பஸ் கண்டக்டர்களிடம் சொல்லி மற்ற மூன்று ஊரிலிருந்தும் ஊருக்கு அரை டஜன் வரவழைத்தேன்; நம் ஊர்ச் சரக்கிலும் அரை டஜன் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே தொட்டித் தண்ணீரில் குளிரப் போட்டேன். கோலி சோடா பாட்டிலில் லேபிள் கிடையாது. கண்ணாடியிலேயே கம்பெனியின் ஊர்ப் பெயர் புடைப்பாக இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து ஊருக்கு ஒன்றாக நாலு பாட்டில் எடுத்தேன். பெயர் தெரியாதபடி ஈரச் சாக்கைச் சுற்றி, நம்பர் சீட்டுக் கட்டினேன்.

ருசி பார்க்க மூன்று பேர். முதலாளி, ஜட்கா வண்டி பாஷா பாய், பக்கத்துப் பொரிக்கடை முனியம்மாக்கா. ஒவ்வொரு கிளாசுக்கும் நடுவில் வாய் சுத்தமாக ஒரு பிடி பொரி. காரம், கேஸ், இனிப்பு என்று மூன்று கட்டம் போட்டிருந்தேன்.

"ஏப்பத்துக்கு மார்க் இல்லியா? அது வரலன்னா ஜிஞ்சர் எதுக்கு?" என்றார் பாய். நாலாவது கட்டம் போட்டேன்.

"மதுவிலக்கு ஊர்ல உக்காந்து பீருக்கு மார்க் போடறோம். போலீஸ் ஏட்டய்யா வரப்போறாரு" என்றார் முதலாளி.

"வரட்டுமே, அவருக்கும் ஒரு கிளாஸ் ஊத்து" என்றார் பாய்.

முனியம்மாக்கா ஒன்றாம் நம்பரைக் கீழே வைத்தார். "இது ஜொரத்துக்குக் குடுக்கற கஷாயம்." இரண்டாவதில் இனிப்பு ஜாஸ்தி. நாலாவதில் கேஸ் கம்மி. மூன்றாவதை மூன்று பேரும் கிளாஸ் காலியாகும் வரை குடித்தார்கள். பிறகு பாய் தெருவுக்கே கேட்கும்படி ஏப்பம் விட்டார். "இதான்!"

சாக்கைப் பிரித்தேன். போளூர். முதலாளி அங்கேயே ஆர்டர் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார்.

போளூரில்

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். கம்பெனிக்காரர் சொந்த மனுஷனைப் போல வரவேற்று, அப்போதுதான் நிரப்பிய பாட்டிலின் கோலியை அமுக்கிக் கொடுத்தார். குடித்தேன். சுக்குக் காரம் இல்லை. வெறும் இனிப்பு. நாங்கள் ஒதுக்கிய இரண்டாம் நம்பர் ருசி.

இன்னொன்று கேட்டேன். அதுவும் அப்படியே. குனிந்து கிரேட்டைப் பார்த்தேன். போளூர் பாட்டில்களுக்கு நடுவில் ஆரணி நாலு, செங்கம் இரண்டு.

"அண்ணே, இதெல்லாம்?"

"காலியா வர்றதுல எது வருதோ அதுல ரொப்ப வேண்டியதுதான் தம்பி. எங்க பாட்டிலு எத்தினி ஊர்ல சுத்துதோ."

இது எனக்குத் தெரியாததா? நம் ஊர்க் கம்பெனிக்குக் காலி பாட்டில் அனுப்புகிறவனே நான். தினமும் வெளியூர்ப் பாட்டில்களையும் சேர்த்துத்தான் எண்ணி அனுப்புகிறேன். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் கலந்துபோட்டு, கண்ணாடியில் இருந்த ஊரை நம்பி, உள்ளே இருந்த ஊரைத் தொலைத்துவிட்டேன்.

ஆர்டர் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. கொடுத்துவிட்டால் என் தப்பு யாருக்கும் தெரியாது. ஜனம் இனிப்பையும் குடிக்கலாம், குடிக்காமலும் போகலாம். அவர் கேட்டார்: "ஆர்டர் எதுனா உண்டா தம்பி?"

"முதலாளியக் கேட்டுட்டு வரேண்ணே" என்று பஸ் ஏறிவிட்டேன்.

முதலாளியிடம் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"பாட்டில் கழுவற பொம்பளைக்குத் தெரியும்டா இது. எஸ்.எஸ்.எல்.சி.க்குத் தெரியல."

"இன்னொரு வாட்டி பாக்கலாம் முதலாளி. நானே ஊர் ஊரா போறேன்."

"போ. பஸ் சார்ஜ் உன்னுது."

இரண்டு நாள் சுற்றினேன். ஒவ்வொரு கம்பெனியிலும் நிரப்பும்போது பக்கத்தில் நின்று, பாட்டில் கழுத்தில் ஊருக்கு ஒரு நிறமாக நூல் கட்டிக் கொண்டுவந்தேன். அதே மூன்று பேர், அதே பொரி. ஜெயித்தது பச்சை நூல், ஆரணி. பாய் இந்த முறை இரண்டு ஏப்பம் கொடுத்தார்.

தீபத்தன்று பொழுது சாய்வதற்குள் ஸ்டாலில் ஜிஞ்சர் தீர்ந்தது. மலை சுற்றி வந்தவர்கள் குடித்துவிட்டுக் கண்ணில் நீரோடு, "இன்னொன்னு குடுங்க" என்றார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. இன்னும் கடையில்தான் இருக்கிறேன்.

கற்றது இதுதான்: சரக்கு பிறக்கிற இடத்திலேயே அடையாளம் வைக்க வேண்டும். வந்த பிறகு வைத்தால் அது யூகம்.

ஆரணிக் கம்பெனிக்காரர் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். கோடையில் கிணறு இறங்கினால் தண்ணீர் உப்புக் கரிக்குமாம், ஜிஞ்சரும் மாறுமாம். சித்திரை பிறந்ததும் நூல்கண்டோடு நாலு ஊருக்கும் கிளம்புகிறேன். இந்தத் தடவை ஜிஞ்சருக்கு முன்னால் அவரவர் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.