விடிந்தால் மறையும் கோளாறு

மின்தடை பற்றிய புகார் வந்தால் அதற்கு ஓர் எண் தர வேண்டும். உரிய அலுவலர் நேரில் ஆய்வு செய்ய வேண்டும். தடைக்கான காரணத்தையும் எடுத்த நடவடிக்கையையும் புகார்தாரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விதி இதுதான். படிக்க அழகான விதி. இதில் எண் தரும் பகுதி மட்டும் எங்கள் பக்கம் ஒழுங்காக நடக்கிறது, ஏனென்றால் அதைக் கணினி செய்கிறது.

இதை என்னால் பொறாமையில்லாமல் சொல்ல முடியும். ஓய்வு பெறும்வரை ஒரு துறையின் கணினிப் பிரிவில், மனுக்கள் வந்து போகும் மென்பொருளின் பின்பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பேக்எண்ட் என்பார்கள். முன்பக்கம் எழுதுபவரிடம் பொத்தானின் நிறம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். பின்பக்கத்துக்காரன் கல்யாண மண்டபத்துச் சமையல்காரன் மாதிரி. ரசம் தீர்ந்துபோனால்தான் அவன் எங்கே என்று தேடுவார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மரக்காணம் வந்து வீடு கட்டிக்கொண்டோம். வாசலில் கிழக்குக் கடற்கரைச் சாலை, கொல்லையில் உப்பளம். காற்றுக்காக வந்தோம். அந்தக் காற்று என் கணினிகளைத் தின்னத் தொடங்கிய பிறகுதான் அது என்ன காற்று என்று புரிந்தது. பழைய கணினி ஒன்றை வீட்டுச் சர்வராக்கி, குடும்பப் புகைப்படங்களையும் பாட்டுகளையும் அதில் போட்டு வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை அது எழுந்திருக்க மறுக்கும். திறந்து பார்த்தால் நினைவகப் பலகையின் பித்தளை நிறப் பற்கள் பச்சை பூத்திருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் திருப்பிச் செருகினால் ஓடும். பெரிய நிறுவனங்களில் இதற்கெல்லாம் தனி அறை, தனிக் குளிர்ச்சி உண்டு. எங்கள் வீட்டில் காற்றுப் புகாத ஒரே இடம் மரப் பீரோ. பட்டுப்புடவைகளைக் கட்டில் பெட்டிக்கு மாற்றிவிட்டுச் சர்வரை அங்கே வைத்தேன்.

"ஏங்க, என் கல்யாணப் புடவ கட்டிலுக்கு அடியில. இது பீரோவுல. நாளைக்கு இதுக்கு நாப்தலின் உருண்டையும் வைப்பீங்க" என்றாள் என் மனைவி. நான் ஏற்கெனவே வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர் உப்பளம் வைத்திருப்பவர். ஒரு நாள் பீரோவுக்குள் விளக்குகள் மினுக்குவதைப் பார்த்துவிட்டு, "சார், இது என்ன பண்ணும்?" என்று கேட்டார். முப்பது வருடம் பேக்எண்ட் எழுதியவனிடம் யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. யோசித்தேன். அப்போதைக்கு அது செய்த உருப்படியான வேலை ஒன்றுதான். யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு ஒயர் அதற்குப் போகிறது. கரண்ட் துடித்தால் சர்வருக்குத் தெரியும். அதை நேரத்தோடு எழுதி வைக்கும்.

"கரண்ட் எப்பப்ப போவுதுன்னு எழுதும்ப்பா."

"எழுதி?"

"வச்சிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. அந்த வருடம் தை பிறந்து பாத்தி கட்டியதிலிருந்து இரண்டு தடவை அவருடைய மோட்டார் கருகியிருந்தது. விடியும்போது உப்புத்தண்ணீரை இறைத்துப் பாய்ச்சினால்தான் முழு வெயிலும் அதன் மேல் விழும். ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் கரண்ட் விட்டு விட்டு வரும். மோட்டார் முனகும், உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் காயில் போய்விடும். திண்டிவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காயில் கட்டி வருவதற்குள் பாத்தி காய்ந்து வெடிக்கும்.

"இன்னொரு தடவ கருகிச்சுன்னா அளத்த குத்தகைக்கு விட்டுட்டு மெட்ராசுல எங்கனா வாட்ச்மேனா போயிட வேண்டியதுதான் சார். ஆயுசுக்கும் அங்க எவன் வீட்டு கேட்டயாவது தொறந்து மூடிட்டு இருக்கணும்."

காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உப்பளத்து ஓரமாகப் போகும் கம்பங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் மேல் உப்பு படிந்திருந்தது. பனி இறங்கினால் அந்த உப்பு ஈரமாகி மின்சாரம் அதன் வழியே கசியும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். எல்லாம் சரியாகிவிடும். புகார் கொடுத்தால் லைன்மேன் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மேல் வருவார். சுவிட்சைப் போடுவார். மின்விசிறி சுற்றும். "கரண்ட் இருக்குதே சார்" என்பார்.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, பாசம்தான் வந்தது. என் தொழிலில் வாழ்நாள் முழுக்கக் கேட்ட வசனம் இது. பயனர் ஒருவர் திணறுவார். நாம் போய்ப் பார்த்தால் சமர்த்தாக ஓடும். "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவோம். ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் கோளாறுக்கு மருந்து ஒன்றே ஒன்று. அது நடக்கும் நேரத்தில் பொறுப்பானவரை எழுப்பி உட்கார வைப்பது.

புகாரைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம் என்று இன்னொரு விதி இருந்தது. ஒரு சிம் அட்டை வாங்கி, யுஎஸ்பி மோடத்தில் போட்டுச் சர்வரில் செருகினேன். கரண்ட் துடித்தால் சர்வரே புகார் அனுப்பும். ஒரு துடிப்புக்கு ஒரு புகார், ஒன்றுகூடப் பொய்யில்லை. அதில் நான் கறார்.

மின்வாரியத்தின் கணினி இரண்டாம் நாளே திருப்பிவிட்டது: "இதே புகார் ஏற்கெனவே பதிவாகியுள்ளது." அந்த மென்பொருளை எழுதியவனை மனதுக்குள் பாராட்டினேன். பஸ் கண்டக்டரின் விசில் ஒன்றென்றால் நில், இரண்டென்றால் போ. பேக்எண்ட் அப்படி இருக்கக் கூடாது. ஒரே மனுவைப் பத்து முறை நீட்டினாலும் அது ஒரே மனுதான் என்று புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவன் வாசகத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறான் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வாசகம் மாறினால் புதுப் புகார்.

ஆகவே வாசகங்களைத் துண்டு துண்டாக எழுதிச் சர்வரிடம் கொடுத்து, தினமும் கலைத்துக் கோக்கச் சொன்னேன். பணிவானவை, வருத்தமானவை, விதி எண்ணோடு மிரட்டுபவை. என் மனைவி அடுப்படியிலிருந்தே ஒன்று தந்தாள்: "உங்க வீட்டு மிக்ஸியில சட்னி பாதில நின்னாத்தான் உங்களுக்கெல்லாம் புரியும்னு போடுங்க." போட்டேன்.

மாசிப் பனியில் சர்வர் நன்றாக எழுதியது. சில நாட்கள் என்னைவிட நன்றாகவே எழுதியது.

ஒரு விடியற்காலை வாசலில் பைக் நிற்கும் சத்தம். குரங்குக் குல்லாயும் சால்வையுமாக ஒரு இளைஞர். எங்கள் பகுதி மின் அலுவலகத்தின் இளநிலைப் பொறியாளர். பின்னால் லைன்மேன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நீங்கதானா அது?"

"எது?"

"ஒவ்வொரு புகாரும் என் போனுக்கு வருது சார். கோழி கூவறதுக்கு முன்னாடி டிங் டிங்னு. எம் பொண்டாட்டி யாரு அதுன்னு கேக்குறா. புகாருன்னா நம்ப மாட்டேங்குறா. நேத்து பிடுங்கிப் பாத்தா. மிக்ஸி, சட்னின்னு இருக்குது. 'எவ அவ'ங்குறா சார்!"

உள்ளேயிருந்து என் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள்.

உப்பளக்காரரும் வந்து சேர்ந்தார். எல்லாரும் கம்பத்தடிக்குப் போனோம். பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பீங்கான்கள் எண்ணெயில் கடுகு போட்டது போலச் சீறின. நீலமாக ஒரு பொறி ஊர்ந்து ஓடியது. தூரத்தில் மோட்டார் முனகியது. உப்பளக்காரர் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தார். பொறியாளர் குல்லாயைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தார். கோளாறு கையும் களவுமாகப் பிடிபட்டதில் எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை ஓய்வூதிய ஆணை வந்த அன்றுகூட நான் அடைந்ததில்லை.

"பாத்துட்டேன் சார். அடுத்த பராமரிப்பு ஷட்டவுன்ல ஆள ஏத்தி எல்லாத்தையும் தொடைச்சிடறேன். கீறல் விட்டத மாத்திடறேன். ஆனா ஒண்ணு. இத்தினி புகாரு நிலுவைல இருந்தா மேல விளக்கம் கேப்பாங்க. நான் விளக்கம் எழுதுவேனா, வேலைய பாப்பேனா? எல்லாத்தையும் வாபஸ் வாங்கிடுங்க."

"விதிப்படி எழுத்து மூலம் பதில் தரணும். காரணத்தோட."

"தரலாம் சார். அதுக்கு வேற செக்‌ஷன்."

எனக்கு அந்த வேறு செக்‌ஷனைத் தெரியும். எல்லா அலுவலகத்திலும் இருப்பது. விதி எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். உப்பளக்காரர் குறுக்கே வந்து நின்றார். பீங்கானைப் பார்த்த அதே பார்வையோடு என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், உங்களுக்குப் பதில் வேணுமா, எனக்கு மோட்டார் வேணுமா?"

அன்று மதியமே உட்கார்ந்து, எல்லாப் புகார்களையும் வாபஸ் வாங்கும் நிரல் ஒன்றை எழுதினேன். முதல் புகாரைத் தவிர. எண்ணும்போது ஒன்று விட்டுப்போவது எங்கள் தொழிலில் தினசரி நடக்கும் பிழை. யாரும் என்னைச் சந்தேகப்பட முடியாது. நிலுவையில் ஒன்றே ஒன்று என்றால் விளக்கமும் கேட்கமாட்டார்கள். அதற்கும் விதி இருக்கிறது.

பராமரிப்பு நாளில் லைன்மேன் ஏறித் துடைத்தார். துணி சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து இறங்கியது. அதை உப்பளக்காரரிடம் நீட்டி, "உங்க உப்புதாண்ணே. அளத்துலயே கொட்டிக்கோங்க" என்றார்.

"கொட்டறேன், கொட்டறேன். நீ மொதல்ல அந்த மூணாவது கம்பத்துல ஏறு. ஏறாம ஏச்சிடாத."

மறுநாள் பனி இறங்கியது. மோட்டார் முனகாமல் ஓடியது. வெயில் ஏறும்வரை வரப்பில் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அவர் என் கொல்லைக் கதவருகே வந்து கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். சர்வர் எதையும் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லாத சர்வரைப் போல நிம்மதியான காட்சி வேறில்லை. அந்தப் பருவம் முழுக்க மோட்டார் கருகவில்லை. கோடை போய், உப்பு மேடு கட்டி, கீற்றுப் போட்டு மூடி, புரட்டாசி மழை வந்து பாத்திகளை நிரப்பியது. அவர் மோட்டாரைத் தூக்கி வந்து துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எங்கள் வீட்டுக்கும் பொரிகடலை கொண்டுவந்தார்.

அப்போதுதான், நான் விட்டுவைத்த அந்த முதல் புகாருக்குச் சர்வர் வழியாக என் கைபேசிக்குப் பதில் வந்தது. "புகாரில் குறிப்பிட்ட இடத்தில் நேரில் ஆய்வு செய்ததில் மின் விநியோகம் சீராக உள்ளது. குறை ஏதும் காணப்படவில்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது."

"என்ன சார் போட்டிருக்கான்?"

"குறையே இல்லையாம்."

"கரெக்டாத்தானே போட்டிருக்கான்" என்றார், பொரியை அள்ளி வாயில் போட்டபடி.

மறுபடி படித்தேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் தடைக்கான காரணம் சொல்லப்படவில்லை. ஆகவே மேல்முறையீடு செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. பீரோப் பக்கம் திரும்பினேன். கீபோர்டு பூஜைத் தட்டுக்கு முன்னால் குங்குமத்தோடு சாத்தப்பட்டிருந்தது.

"இன்னிக்குத் தொடக்கூடாது" என்றாள் என் மனைவி.

விடுமுறையில் அலுவலகம் பூட்டிக் கிடக்க, எந்த மனிதக் கையும் படாமல், எங்கோ ஒரு பின்பக்க நிரல் தானாக எழுந்து அந்தப் பதிலை எனக்கு அனுப்பிவைத்த நாள் ஆயுத பூஜை.