பதினெட்டுக் கப்பல் கட்டியவர்

சரக்குக் கப்பல் நிறுவனத்தில் அவர் மேற்பார்வைப் பொறியாளர். புதுக் கப்பல் எங்கே கட்டினாலும் அங்கே வாடகை அறையில் தங்கி, வெல்டிங் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். கப்பல் மாலுமிகளோடு கடலுக்குக் கிளம்பியதும் இவர் அடுத்த ஊருக்குப் போவார். முப்பத்தோரு வருடத்தில் பதினெட்டுக் கப்பல்கள். மகள் கல்யாணத்துக்குக்கூட நான்கே நாள்தான் லீவு.

ஓய்வு பெற்று வீடு வந்த அன்று மனைவி கேட்டாள்: "இந்தத் தடவை எத்தனை நாள் இருப்பீங்க?"

"இனிமே எங்க போறது? அதான் ரிட்டயர் ஆயிட்டேனே."

"அட ஆமா, வாய்ப் பழக்கம்!" என்று சிரித்தவள், தன் அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள்.

சட்டைகளை அடுக்கினார். பல் துலக்கும் பிரஷை எங்கே வைப்பது என்று கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. பையிலேயே விட்டுவிட்டார்.