அரை கிளாஸில் கவிழ்ந்த கலைவாணன்

காரைக்கால் எல்லைக்குள் கால் வைத்ததும் மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்குத் தாகம் எடுத்துவிடும். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், பாவம். இங்கே புதுச்சேரி ஆட்சி, சரக்கு மலிவு, வகையும் ஜாஸ்தி. சீர் என்ன, செனத்தி என்ன என்பதையெல்லாம் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். ஆண்களை வெளியே அழைத்துப் போய் 'கவனிக்க' ஒருவர் வேண்டும். காரைக்கால் டவுனுக்குப் பக்கத்து ஊரான நெரவியில் அந்த ஒருவர் வெகுகாலமாகக் கலைவாணன்தான்.

காரைக்கால் டவுனில் மோட்டார் பம்புக் கடை வைத்திருப்பவர். அப்போது ஆள் நூற்று முப்பது கிலோவுக்கு மேல் இருப்பார். அவர் ஏறி உட்கார்ந்தால் ஷேர் ஆட்டோக்காரர் வேறு ஆளுக்குக் காத்திருக்காமல் வண்டியை எடுத்துவிடுவார். எத்தனை ஊற்றினாலும் அவருக்குக் கண் சிவக்காது, நாக்குக் குழறாது. எதிரே இருக்கிறவர் மட்டும் மூன்றாவது ரவுண்டில் தன் குடும்பத்து மூட்டையை அவிழ்த்துக் கொட்டிவிடுவார். பையனுக்கு வேறு ஒரு பெண்ணோடு பழக்கம், துபாய் வேலை போய் வெகுநாளாயிற்று, அம்மாக்காரி ஒரு மாதிரி, எல்லாம் வரும். கலைவாணன் இறால் வறுவலைக் கடித்துக்கொண்டே 'ம்' கொட்டுவார். மறுநாள் காலையில் பெண்ணைப் பெற்றவரிடம் ஒரே வார்த்தை: "முடிச்சுடுங்க." அல்லது, "வேணாங்க." அந்த வார்த்தைக்கு ஜோசியர் வார்த்தையைவிட மதிப்பு அதிகம். இது ஊருக்குத் தான் செய்யும் தொண்டு என்றே அவர் நினைத்திருந்தார். அவர் மனைவி சௌந்தரவல்லி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

போன வருடம் சர்க்கரை எகிறியது, முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. மகள் நித்யஸ்ரீதான் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போய், வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷனைச் செய்துவைத்தாள். அதன் பிறகு பாதி தோசை அவருக்கு விருந்துச் சாப்பாடு. கிலோ கிலோவாக இறங்கி, பழைய சட்டைக்குள் அவரும் மச்சான் சோமசேகரனும் சேர்ந்து நுழையலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டார். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்:

"குடி மட்டும் கூடவே கூடாது சார். முன்ன மாதிரி வயித்துல தங்காது, கிடுகிடுன்னு ரத்தத்துல ஏறிடும். ஒரு பெக் மூணு பெக்கோட வேலையப் பண்ணும்."

கலைவாணன் பவ்யமாகத் தலையாட்டினார். அவர் மனம் அப்போது ஆட்டுக்கால் சூப்பில் இருந்தது.

கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்று விஷயத்தை வெளியே விடவில்லை. எப்படி இளைத்தீர்கள் என்று யார் கேட்டாலும், "காலைல கேப்பைக்கூழ், சாயங்காலம் நடை. அவ்வளவுதாங்க," என்பார்.

இந்த நேரத்தில்தான் நித்யஸ்ரீக்கு வரன் வந்தது. மாயவரத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ராஜ்மோகனின் மகன். அதே ஊரில் கூட்டுறவு வங்கியில் வேலை. பையனுக்கும் பெண்ணுக்கும் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. எல்லாம் சரி, ஒரு முள் மட்டும் இருந்தது. நித்யஸ்ரீ புதுச்சேரி அரசின் பொதுப்பணித்துறையில் இளநிலைப் பொறியாளர். பெண் பார்க்க வந்த இடத்தில் ராஜ்மோகன், "கல்யாணம் ஆனதும் மாயவரத்துக்கு ஒரு மாத்தல் வாங்கிடலாமுல்ல?" என்று கேட்டார். சரக்கு விலையில் மட்டும்தான் காரைக்கால் வேறு, மற்றபடி அதுவும் நாகப்பட்டினம், திருவாரூர் மாதிரி இன்னொரு தமிழ்நாட்டு ஜில்லா என்று நினைத்துக்கொண்டிருக்கும் லட்சம் பேரில் அவரும் ஒருவர். புதுச்சேரி அரசாங்கத்து நாற்காலியைத் தமிழ்நாட்டில் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கலைவாணனுக்கு அது நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமே என்று, "அதெல்லாம் பாத்துக்கலாங்க," என்று சொல்லிவைத்தார்.

நித்யஸ்ரீ பையனிடம் போனிலேயே போட்டு உடைத்துவிட்டாள். காரைக்காலில் குடியிருந்துகொண்டு தினம் பஸ்ஸில் மாயவரம் போய்வருகிறேன் என்று அவனும் சந்தோஷமாகச் சொல்லிவிட்டான். ஆனால் தகப்பனார் முன்னால் நின்றால் அவனுக்கு வாயே கிடையாது.

"அப்பா, பொய் சொன்னது நீங்க. நிச்சயத்துக்கு முன்னாடி நீங்களே சொல்லிடணும்," என்றாள் நித்யஸ்ரீ. "இல்லன்னா தட்டு மாத்துறப்ப மைக்க வாங்கி நான் சொல்லிடுவேன்."

சொன்னால் செய்வாள். தண்ணீர்த் தொட்டி ஏணியில் கான்ட்ராக்டருக்கு முன்னால் ஏறிப்போய் விரிசலைத் தொட்டுக் காட்டுகிற பெண்.

கலைவாணன் யோசித்தார். கைவசம் இருந்தது ஒரே ஒரு வித்தைதான். ராஜ்மோகனை உட்காரவைக்க வேண்டும். மூன்றாவது ரவுண்டில் மனிதர் இளகி வரும்போது, 'மாத்தல் கொஞ்சம் கஷ்டந்தாங்க' என்று காற்றோடு காற்றாகச் சொல்லிவிட வேண்டும். அவரும் ஆகட்டும் என்று தலையாட்டுவார். மறுநாள் அரைகுறையாக ஞாபகம் வரும்போது, தானே ஒப்புக்கொண்டோம் என்று நினைத்துக்கொள்வார். கலைவாணன் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை, கிளாஸை உதட்டில் வைத்து வைத்து எடுத்தால் போதும். அயோக்கியத்தனமான திட்டங்களில் இது நல்ல திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடற்கரைப் பக்கத்து பார் ஒன்றில் ஏசி ரூம். ராஜ்மோகன், கலைவாணன், கார் ஓட்டிவந்த சோமசேகரன். சோமசேகரன் சோடாவைத் தாண்டாதவன்.

ராஜ்மோகன் வந்ததும் வராததுமாகச் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். "உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டுருக்கேன் சம்மந்தி. உங்களோட உக்காந்து நேரா எழுந்திரிச்சவன் இல்லியாமே? பாத்துடுவோம். தம்பி, லார்ஜா ஊத்து! மொத கிளாஸ் நம்ம உறவுக்கு. ஒரே மூச்சுல அடிக்கணும்."

உறவுக்கு என்று உயர்த்திய கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தால் சம்பந்தியின் முகம் என்ன ஆகும்? ஒரு வாய் மட்டும் என்றுதான் கலைவாணன் கிளாஸைச் சாய்த்தார். தொண்டைக்குப் பழைய பழக்கம். கீழே வயிறு வீட்டைக் காலி செய்துவிட்ட சங்கதி அதற்குத் தெரியாது. பாதி கிளாஸ் போன பிறகுதான் நிறுத்தியது.

முதலில் காது சூடாயிற்று. பிறகு முட்டி லேசாயிற்று. இறால் வறுவல் வந்து மேஜையில் உட்காருவதற்குள், சுவரிலிருந்த ஏசிப் பெட்டி தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகக் கலைவாணனுக்குத் தோன்றியது. மரியாதைக்கு அவரும் திருப்பிச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை.

"மச்சான், நீ எவ்வளவு அழகுடா! இத்தன வருஷமா எவனாவது உங்கிட்ட சொன்னானா?"

சோமசேகரன் கிளாஸை அவர் கைக்கு எட்டாமல் நகர்த்தினான். "அத்தான், ஒரு வாய் தண்ணி குடிங்க."

"தண்ணிதானடா குடிச்சேன்!" என்று சொல்லிவிட்டு, அதற்கும் தானே மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இறால் கொண்டுவந்த பையனின் கையைப் பிடித்து, அவன் அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். ராஜ்மோகன் இன்னும் இரண்டாவது கிளாஸுக்கே போகவில்லை. கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, ஒரு உண்மை சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

மேஜைக்கு அடியில் சோமசேகரன் கலைவாணனின் காலை மிதித்தான்.

"பாருங்க, இவன் கால மிதிக்கிறான். சொல்லக் கூடாதாம்! சம்மந்தி, கூழெல்லாம் பொய்யிங்க. வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. ஒரு வாழப்பழம் அளவுதான் மிச்சம்." சட்டையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டினார். "இதோ இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு!"

ராஜ்மோகன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "யோவ்! ஒரு மாசமா விடியக்காலைல கூழு குடிக்கிறேன்யா! 'அவுரு எப்புடி எளச்சுட்டாரு பாருங்க'ன்னு சொல்லிச் சொல்லி எம் பொண்டாட்டி ஊத்துறா!"

கலைவாணனுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. சோமசேகரன் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான். ராஜ்மோகனுக்கே மீசை துடித்தது. நிலைமை அந்த இடத்தோடு நின்றிருந்தால் கூட நல்லபடியாகப் போயிருக்கும்.

"இன்னொண்ணும் இருக்குங்க," என்றார் கலைவாணன். "மாயவரத்துக்கு மாத்தல் கெடயாது. மாஹிக்கு வேணும்னா கெடைக்கும், கேரளாவுல இருக்கு. ஏனாமுக்குக் கெடைக்கும், ஆந்திராவுல இருக்கு. தோ, ஒரு மணி நேரத்துல இருக்கு பாருங்க மாயவரம், அதுக்குக் கெடயாது! வேற கவர்மெண்டுங்க நாங்க!" இதற்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் பொலபொலவென்று அழ ஆரம்பித்தார். "எம் பொண்ணு ரெண்டு தடவ பரிச்சைல போயி, மூணாந்தடவ எழுதி வாங்குன வேலைங்க. வுட மாட்டா. வுடச் சொல்ல எனக்கும் மனசு வரல. உங்ககிட்ட சொல்லவும் தைரியம் வரல. உங்களுக்கு ஊத்திவுட்டுச் சொல்லிடலாம்னுதான் வந்தேன். கடைசில எனக்கே ஊத்திக்கிட்டேன்."

ராஜ்மோகனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்ப எம் பையன் பொண்டாட்டி ஊருல வந்து குடியிருக்கணும்?"

"ஆமாங்க!" என்றார் கலைவாணன், பேரானந்தத்தோடு.

ராஜ்மோகன் கிளாஸைத் தள்ளி வைத்தார். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. நீங்க சொன்னத நான் காதுல வாங்கலன்னே வச்சுக்குங்க. நாளைக்குக் காலைல தெளிஞ்சதும் போன் பண்ணுங்க. பழையபடி 'பாத்துக்கலாங்க'ன்னு சொன்னாலும் சரி, இதையே சொன்னாலும் சரி. அப்பச் சொல்றதுதான் பேச்சு." எழுந்து போய்விட்டார்.

வீட்டு வாசலில் காரிலிருந்து கலைவாணனைக் கைத்தாங்கலாக இறக்கினான் சோமசேகரன். நடந்ததை அவன் சொல்லக் கேட்ட சௌந்தரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுசன் வாய்லேருந்து உண்மை வர்றதுக்கு வயித்த வெட்ட வேண்டியிருக்கு பாரு!"

போதை ஏறின வேகத்திலேயே இறங்கியும் விட்டது. அதற்குப் பிறகு பயம்தான். இரவு முழுக்கப் புரண்டார். ஆபரேஷனுக்குப் போனபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை. ராஜ்மோகன் பெரிய மனதோடு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'பாத்துக்கலாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் நிச்சயம் நடந்துவிடும், கல்யாணமும் நடந்துவிடும். அப்புறம் வருவது அப்புறம். அந்த மாதிரி அப்புறங்களை அவர் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறார். எந்த வீட்டிலும் அதைச் சுமந்தது பெண்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

காலையில் நித்யஸ்ரீ வேலைக்குக் கிளம்பி, ஹெல்மெட்டும் கையுமாகக் கூடத்தில் நின்றாள். அப்பா போனை எடுக்காமல் கிளம்ப மாட்டாள். கலைவாணன் போனை எடுத்தார். எத்தனையோ பேரின் நாக்கை அவிழ்த்துவிட்டவருக்குத் தன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்மந்தி, கலைவாணன் பேசுறேன். தெளிவா இருக்கேன், டீ கூடக் குடிக்கல. மாயவரத்துக்கு மாத்தல் கெடயாதுங்க. எம் பொண்ணு வேலைய வுட மாட்டா, நானும் வுடச் சொல்ல மாட்டேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் சொன்னது பொய், தப்பு எம்மேலதான். உங்களுக்குச் சரிப்படலன்னா இப்பவே சொல்லிடுங்க. வருத்தமா இருக்கும், கோவமில்ல."

எதிர்முனையில் கம்பி இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. சௌந்தரவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நேத்து வந்ததும் பையனக் கேட்டேன்," என்றார் ராஜ்மோகன். "அவனுக்கு ஒரு மாசமா தெரியுமாம். தெரியாத ஆளு நான் ஒருத்தந்தான். எல்லாருமாச் சேந்து என்னப் பாத்துப் பயந்துருக்கீங்க. ராத்திரி தூங்கல சம்மந்தி." கம்பி இறக்குகிறவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். "சரி, வுடுங்க. புள்ளைங்களுக்கு வீடு எங்க பாக்குறது? நெரவியிலயா, டவுன்லயா?"

கலைவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மகளிடம் நீட்டினார்.

நித்யஸ்ரீ ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். "டவுன்லயே பாருங்க மாமா," என்றாள். "நெரவின்னா அப்பா தெனம் சாயங்காலம் வந்து உக்காந்துடுவாரு."