இரண்டாவது மதிப்பீட்டாளரைத் தேடியவள்

தமிழினி எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, ஒரு டாக்டர் எழுதினத இன்னொரு டாக்டர் உட்கார்ந்து படிச்சு, தப்பெல்லாம் எடுத்துக் குடுக்கறாரு. பேரும் வராது. அவருக்கு இதுல என்ன வருது?"

"நாளைக்கு அவர் எழுதினா இன்னொருத்தர் படிக்கணும் இல்ல?" என்றேன்.

"நல்லாக்கீதே!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரும்பாக்கத்துப் பேச்சை ஆபீஸுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவளாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்த காலம் அது.

எங்கள் அலுவலகம் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்கு இங்கிருந்து வேலை செய்கிறோம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒரு ஆய்வுக் கட்டுரை வரும். இதழின் எடிட்டர் அதைப் பார்த்து, படிக்கத் தகுந்தது என்றால் அதே துறை அறிந்த இரண்டு பேரிடம் அனுப்பச் சொல்வார். அவர்கள்தான் மதிப்பீட்டாளர்கள். போடலாம், திருத்திக் கொடுத்தால் போடலாம், வேண்டாம் என்று காரணத்தோடு எழுதுவார்கள். முடிவு எடிட்டருடையது. பியர் ரிவ்யூ என்பது இவ்வளவுதான். அந்த இரண்டு பேரை அழைப்பது, ஒப்புக்கொண்டவர்களுக்கு நினைவூட்டுவது, வந்ததைச் சரிபார்த்து எடிட்டருக்கு அனுப்புவது எங்கள் வேலை.

தமிழினியுடையது, அவள் சிறுமியாக இருந்தபோது ஆற்றங்கரைக் குடிசையைக் காலி செய்து பெரும்பாக்கம் குடியிருப்புக்கு வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா அம்மணி, பிளாக்குக்குக் கீழே காலையில் இட்லிக்கடை போடுகிறார். அந்த இட்லியில்தான் தமிழினி தாம்பரத்தில் கல்லூரிக்குப் போய் நுண்ணுயிரியல் படித்தாள்.

சேர்ந்து இரண்டாம் வருடம் அந்தக் கட்டுரை அவள் கைக்கு வந்தது. தென் அமெரிக்காவில் ஒரு மலை ஊர். அங்குள்ள சிறிய ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர் ஒருத்தி தனியாக எழுதியிருந்தாள். அவ்வளவு உயரத்தில் பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கீழே சமவெளியில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைந்தால் பயப்பட வேண்டும், எந்தக் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றி மலையிறக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆங்கிலம் தட்டுத் தடுமாறியது. எடிட்டர் அம்மையாருக்கு விஷயம் பிடித்திருந்தது. மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

அழைத்தவர்களெல்லாம் நேரமில்லை என்றார்கள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டு நாலு வரி எழுதி அனுப்பினார். அதில் ஒரு வரி: 'இவர் முதலில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு பிறகு மருத்துவம் எழுதட்டும்.'

தமிழினி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தாள். "மிருதுளாக்கா, இத அப்படியே அந்த டாக்டருக்குப் போக விடணுமா?"

"நாம ஒரு எழுத்து மாத்தக் கூடாது. எடிட்டர்தான் மாத்தலாம்."

அவள் எதையும் மாற்றவில்லை. எடிட்டருக்கு அனுப்பும்போது மேலே ஒரு குறிப்பு மட்டும் வைத்தாள்: இந்த வரி கட்டுரையைப் பற்றியது அல்ல, எழுதியவரைப் பற்றியது, அனுப்புமுன் ஒருமுறை பார்க்கவும். எடிட்டர் அந்த வரியை அடித்துவிட்டார். ஆனால் இரண்டாவது மதிப்பீடு இல்லாமல் முடிவெடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தார்.

எங்கள் டீம் லீட் ஜெஃப்ரி கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கணினித் திரையில் தாமதமான கட்டுரைகள் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்புக்கு மாதாமாதம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"தமிழினி, இது இழுத்துக்கிட்டே போகுதும்மா. ரிவ்யூவர் கிடைக்கலன்னு எடிட்டருக்கு எழுதிடு. ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. அவங்க வேற ஜர்னல் பாத்துப்பாங்க."

"படிச்சுட்டு வேணாம்னா சரி சார். படிக்கவே ஆளில்லன்னு வேணாம்னு சொல்றதா?"

"ஊருக்கெல்லாம் நீ ஆள் தேடுவியா?"

"தேடறதுதான சார் என் வேல?"

ஜெஃப்ரி சிரித்துவிட்டார். "சரி, இந்த மாசம் முடியறவரைக்கும்" என்று கிளம்பினார்.

தமிழினி கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எழுதியவர் எந்தெந்தப் பழைய ஆய்வுகளை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார் என்ற பட்டியல் அங்கே இருக்கும். அதில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. மலைப்பகுதிக் குழந்தைகளைப் பற்றிப் பல வருடம் முன்பு ஆராய்ந்த ஒருவர். பல்கலைக்கழக முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. ஓய்வு பெற்றிருந்தார். அவள் விடவில்லை. அவருடைய ஊரில் பறவை பார்க்கிறவர்கள் சங்கம் ஒன்றின் இணையப் பக்கத்தில் அதே பெயர் செயலாளர் என்று இருந்தது. அதே ஆள்தானா என்று சரிபார்த்தாள்; கட்டுரை எழுதியவரோடு சேர்ந்து வேலை பார்த்தவராக இருந்தால் கூடாது என்பதால் அதையும் பார்த்தாள். எடிட்டரிடம் அனுமதி வாங்கினாள். பிறகு வழக்கமான அழைப்பின் மேலே தன் வார்த்தையில் சேர்த்தாள்: 'உங்கள் வேலையைப் படித்துவிட்டு ஒரு மலை ஊர் டாக்டர் அதைத் தொடர்ந்திருக்கிறார். அதைப் படிக்க உங்களைவிடப் பொருத்தமானவர் எனக்குத் தெரியவில்லை.'

பதில் மறுநாளே வந்தது. பறவைக் கூட்டத்துக்கு நடுவில் என்னை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டு, ஒப்புக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய மதிப்பீட்டைப் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது. புகழ்ச்சி கொஞ்சம்தான், பிழைகள் நிறைய. முக்கியமாக ஒன்று: தூங்கும் குழந்தைக்கும் விழித்திருக்கும் குழந்தைக்கும் எடுத்த அளவுகள் ஒரே அட்டவணையில் கலந்து கிடக்கின்றன; மலையில் தூக்கத்தில் அளவு இன்னும் இறங்கும்; பிரித்துக் காட்டாவிட்டால் இந்த ஆய்வால் யாருக்கும் பயனில்லை. கடுமையான பேச்சுதான். ஆனால் ஒவ்வொரு கண்டிப்புக்கும் கீழே எப்படிச் சரிசெய்யலாம் என்றும் எழுதியிருந்தார்.

அந்த டாக்டர் குழந்தை தூங்கியதா விழித்திருந்ததா என்று ஒவ்வொரு அளவோடும் குறித்துத்தான் வைத்திருந்தாள். கட்டுரையில் பிரிக்கத் தோன்றவில்லை. இப்போது பிரித்தாள். கலங்கலாக இருந்த முடிவு இரண்டு தெளிவான எண்களாக வந்தது. இரண்டு மதிப்பீட்டாளர்களும் மறுபடி படித்தார்கள். முதலாமவரும் இந்தத் தடவை மரியாதையாகவே எழுதினார். கட்டுரை ஏற்கப்பட்டது.

ஏற்பு மடல் போக வேண்டிய அன்று தமிழினி எழுந்து நின்றே அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

இதழ் வெளியானபோது கட்டுரையின் கடைசியில் நன்றி என்ற பகுதியில், பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களுக்கும், 'எனக்குப் படிப்பவர்களைத் தேடித் தந்த இதழ் அலுவலகத்துக்கும்' என்று இருந்தது. ஜெஃப்ரிக்கு எடிட்டர் தனியாக எழுதினார். இனி யாரும் கிடைக்காத கட்டுரையெல்லாம் அந்தப் பெண்ணிடம் போகட்டும் என்று. ஜெஃப்ரி அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். "என் டீம்" என்று இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். தமிழினி தலை குனியவில்லை. நேராகவே நின்று கேட்டாள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து வண்டியில் போனேன். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தமிழினி போனில் கட்டுரையைத் திறந்து, மலை ஊர்க் குழந்தைகளைப் பற்றியது என்று சொல்லி அம்மாவிடம் காட்டினாள்.

"இதுல உன் பேரு எங்க கீது?" என்றார் அம்மணி.

"என் பேரு வராதும்மா. படிச்சுப் பாத்தவங்க பேரே வராது."

"அப்ப அந்தப் புள்ளைங்க பொழைக்கும்ல?"

"எந்தப் புள்ளைய உடனே கீழ கொண்டாரணும்னு இனிமே கண்டுபிடிச்சிடலாம்மா."

அம்மணி கரண்டியைக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ரோஸி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அம்மணியிடம், "ஆபீஸ்காரங்களா? ஆமா, உன் பொண்ணு அங்க இன்னாதான் வேல பாக்குது?" என்று கேட்டாள்.

"டாக்டருங்க எழுதறது சரியா தப்பான்னு என் பொண்ணுதான் சொல்லும்" என்றார் அம்மணி.

"அம்மா! நான் சொல்றதில்லம்மா. சொல்றதுக்குத் தகுதியான ஆள தேடிப் புடிக்கிறேன்."

"அது அதவிடப் பெரிய வேலடி" என்று சொல்லி, அம்மணி ரோஸியின் கை நிறையக் கறிவேப்பிலையை அள்ளி வைத்தார்.