அப்பா பெயர் கன்னையா

தையல்காரர் அய்யாவு இருக்கிறாரே, அறுபத்தெட்டு வயதிலும் அவருக்குத் தையல் மிஷினைவிட வாய்தான் வேகமாக ஓடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க அது பிரசித்தம். கல்லூரிப் பிள்ளைகளின் இசை நாடகத்துக்கு உடை தைக்க ஒப்புக்கொண்டதிலிருந்து அந்த வாய் அடைத்துப் போயிருந்தது.

அரக்கனுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பும் ஊரின் கதை அது. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்துத் திருவிழாவில் ஆடியது. பிள்ளைகள் அதை ஜப்பான்காரன் காலத்துக்கு இழுத்து வந்து, அரக்கனை, தோட்டத்து ஆட்களைக் காவு வாங்கிய சயாம் ரயில் பாதை ஆக்கிவிட்டார்கள். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு. கடைசியில் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களைப் பாடுவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சொந்தக்காரர் ஒருவர் வந்து விளக்கேற்ற வேண்டும்.

ஒத்திகையில், நாடகத்தை இயக்கும் ஷாமினி, "முகுந்தன்" என்று பாடியதும் அய்யாவு கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். முகுந்தன் அவரைப் பெற்ற அப்பா. சயாம் பக்கமே போகாத மனிதர். எழுபத்தெட்டு வயதில் சொந்தக் கட்டிலில் செத்தவர்.

ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் எடுத்த பட்டியலில் அப்பாவின் பெயர் வந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் ஒன்றில் தனிக்கட்டையாக இருந்து, அப்பா வீட்டில் காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கன்னையா. ஒரே மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நைச்சியமாகப் பேசி, முகுந்தன் என்ற பெயரில் அவரை வீட்டார் லோரி ஏற்றிவிட்டார்கள்; அவர் திரும்பவே இல்லை. அப்பா கன்னையாவாகி வேறு தோட்டத்துக்கு ஓடினார். அடையாள அட்டையும் அதே பெயரில் எடுத்தார். சாகும்போதுதான் மகனிடம் சொன்னார். இருபத்தேழு வருஷமாக அய்யாவு மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. செத்தவரின் பெயரைத் தகப்பன் பெயர் என்று கையெழுத்துக்குக் கையெழுத்து எழுதி வந்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"முகுந்தனுக்கு மட்டும் ஆள் கிடைக்கல அங்கிள். நீங்களே ஏத்திடுங்க லா" என்றாள் ஷாமினி.

அய்யாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏமாற்றியவருக்கு விளக்கு, செத்தவருக்குப் பெயர்கூட இல்லை. அதையும் தன் கையாலேயே செய்ய வேண்டும்.

"அந்தப் பேர எடுத்துட்டு, கன்னையான்னு பாடும்மா."

"அது உங்க அப்பா பேராச்சே, அங்கிள்? உங்க பில்லுல பார்த்தேனே."

அவர் தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஷாமினி பட்டியலை எடுத்தாள். முகுந்தனை அடித்துவிட்டுக் கன்னையா என்று எழுதினாள்.

"அவரோட சொந்தக்காரங்க யாராச்சும் இருப்பாங்களா அங்கிள்? தேடிக் கூப்பிடலாம்."

"யாரும் இல்லம்மா" என்றார் அய்யாவு. "அதனாலதான் அவர அனுப்புனாங்க."