பம்பருக்குக் காவலாகப் போட்ட கல்

ஓசூரில் நான் வாங்கிய முதல் காரின் பின் பம்பரில், இரண்டாம் வாரமே விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது. வாடகை வீடு, உள்ளே கார் நிறுத்த இடமில்லை. தெருவோ, தண்ணீர் லாரி நுழைந்தால் எதிரே வரும் பைக் பின்வாங்க வேண்டிய அகலம்தான். தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன் நான். மயிரிழைக் கீறலுக்கே பாகங்களைத் திருப்பி அனுப்பிப் பழகியவன். வெள்ளைப் பெயிண்டில் தெரிந்த அந்தக் கறுப்புக் கோட்டை எத்தனை முறை ஈரத்துணியால் துடைத்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ரப்பர் பட்டை ஒட்டினேன். யாரோ அதையும் உரசிக் கிழித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் கிரானைட் பட்டறையில் கழித்துப்போட்ட துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, பம்பருக்கு இரண்டடி பின்னால் தெருவில் போட்டேன்.

எதிர்வீட்டு அக்கா ஜவளகிரிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். மின்னணுப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை. முதல் ஷிஃப்டுக்கு ஸ்கூட்டரில் போவார். தன் சம்பளத்தில் வாங்கி, தானே ஓட்டப் பழகிய வண்டி. "பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கிற பொழப்பு முடிஞ்சுது தம்பி" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கல் போட்ட நான்காம் நாள் விடியலில் நல்ல பனி. சத்தம் கேட்டு ஓடினேன். ஸ்கூட்டர் கல்லில் மோதிச் சரிந்து கிடந்தது. அக்கா வலது மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். நான் முதலில் பார்த்தது பம்பரைத்தான். ஒரு கணம்தான், ஆனால் நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். பிறகு, அவரைத் தூக்குவதற்கும் முன்பாக, கல்லைப் புரட்டி என் கேட்டுக்குள் தள்ளினேன். அக்கம்பக்கத்தார் வந்தபோது, யாரும் கேட்காமலேயே, "நாய் குறுக்க வந்துருச்சு" என்றேன். வலியில் உதட்டைக் கடித்திருந்த அக்கா எதுவும் பேசவில்லை.

அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எலும்பு முறிந்திருந்தது. வேலையிலிருந்து ஓடிவந்த கணவரிடமும் நாய் என்றே சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

கட்டுப் பிரித்த பிறகும் சின்னப் பாகங்களைப் பொருத்த அந்த விரல்கள் வளையவில்லை. கம்பெனியில் வேறு பிரிவு தருவதாகச் சொன்னார்களாம். அதற்குள் கணவர் ஸ்கூட்டரை விற்றுவிட்டார். அக்கா வேலையை விட்டார். சில மாதங்களில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றே இத்தனை வருடங்கள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன மாதம் ஓசூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். என்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "அந்தக் கல்லு நான் போட்டதுதான் அக்கா. நீங்க யார்கிட்டயும் சொல்லாம இருந்தீங்க..."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சொன்னா நான் சொல்லலைன்னு? அன்னைக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன் தம்பி. வந்து பாத்தாரு. எங்கடி கல்லுன்னாரு. ஓட்டத் தெரியாம உழுந்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன மனுசன் மேலயே பழி போடறியான்னாரு. இப்பவும் நான் எது சொன்னாலும், இதுவும் அந்தக் கல்லு மாதிரியான்னுதான் கேக்கறாரு."

அவர் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். அவர்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"இதை அன்னைக்கே நீ அழுத்திச் சொல்லியிருக்கலாமில்ல?"

‘அக்கா அன்றே சொன்னார், பொய் சொன்னது நான்தான்’ என்று அப்போதாவது நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் செருப்பைத் தேடத் தொடங்கினேன்.