மிதக்கும் பலகையும் மாடு கட்டும் முடிச்சும்

எங்கள் கதிரடிக்கும் களத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. பாலக்கோட்டுப் பக்கம் அப்போது தோட்டத்துக் கிணறுகளுக்கு யாரும் சுவர் எடுத்ததில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த கிணறு, அதனால் எனக்கு அதன் மேல் பயம் வந்ததே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் மகளுக்கு ஆறு வயது. காற்றின் மேலேயே ஓடுகிற வண்டி ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது, ஹோவர்கிராஃப்ட் என்று பேர் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அவள் சிலேட்டில் வரைந்துகொண்டு வந்த படத்தை அழிக்கவே விடவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் கரும்புக்கு மருந்தடிக்கும் பெட்ரோல் மெஷினை முதுகில் சுமந்து பிழைத்தவன். அதன் குழாயில் வரும் காற்றின் பலம் எனக்குத் தெரியும்.

ஒட்டுப்பலகையை வட்டமாக அறுத்தேன். அடியில் தார்ப்பாயைச் சுற்றிலும் ஆணியடித்து, அதில் ஓட்டைகள் போட்டேன். மருந்து டப்பாவைக் கழற்றிவிட்டு மெஷினைப் பலகையின் பின்பக்கம் இறுக்கி, குழாயை உள்ளே விட்டேன். காற்று தார்ப்பாயை உப்ப வைத்து, ஓட்டைகள் வழியாகக் கீழே கசியும். பலகை அந்தக் கசிவின் மேல் மிதக்கும்.

"கரும்புக்கு மருந்தடிக்கச் சொன்னா, மவளுக்குக் காத்தடிக்கிறீங்க" என்றாள் என் மனைவி. களத்து ஓரத்தில் உட்கார்ந்து ராகி புடைத்துக்கொண்டிருந்தாள்.

களம் அன்று புதிதாகச் சாணி மெழுகியிருந்தது. கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பலகை ஓடிவிடாமல் இருக்க ஒரு கயிற்றைப் பலகையில் கட்டி, மறுமுனையை நடுக்கம்பத்தில் கட்டினேன். கதிர்ப் போரடிக்கும்போது மாடு கட்டும் கம்பம் அது. மகளை ஏற்றி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"என்ன ஆனாலும் கைய விடாத, கண்ணு. அப்பா சொன்னாத்தான் எறங்கணும்."

மெஷினைக் கிளப்பினேன். பலகை நடுங்கி, மேலே எழும்பியது. ஒரு விரலால் தள்ளினேன். கம்பத்தைச் சுற்றி வழுக்கிக்கொண்டே போனாள். சிரிப்பு தெரிந்தது. சத்தத்தில் கேட்கவில்லை.

மூன்றாவது சுற்றோ நாலாவதோ, கம்பத்தில் கயிறு இல்லை.

மாட்டுக்குப் போடுகிற உருவு முடிச்சைத்தான் கை தானாகப் போட்டிருந்தது. தீ கீ பிடித்தால் ஒரே இழுப்பில் அவிழ்க்கத்தான் அந்த முடிச்சு. மாடு இழுக்க இழுக்க அது இறுகும். மெஷின் நடுங்க நடுங்க அவிழ்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் வடிவதற்காகக் களத்தைக் கிழக்கே லேசாகச் சரித்து வைத்திருந்தோம். பலகைக்கு அந்தச் சரிவு போதும்.

நேரே கிணற்றைப் பார்த்துப் போனது. அவசரமே இல்லாமல் போனது. எறங்கு, எறங்கு என்று கத்தினேன். மெஷின் சத்தத்தில் அவளுக்கு எட்டவில்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓடினேன். மெழுகின தரையில் கால் வாரி விழுந்தேன். கயிற்றின் நுனி என் கண்முன்னால் ஊர்ந்து போனது. படுத்தபடியே அதை எட்டிப் பிடித்தேன்.

பலகை சட்டென்று திரும்பி நின்றது. கிணற்றுக்கும் அதற்கும் நடுவே ஒரு முறம் வைக்கத்தான் இடம்.

என் மனைவி ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். நான் எழுந்து போய் மெஷினை நிறுத்தினேன். கயிறு இன்னும் என் கையில்தான் இருந்தது.

"கயித்த விடுங்க. புள்ள எங்கிட்ட இருக்கா."

விரல் விரியவில்லை.

மகளுக்கு ஒன்றுமே தெரியாது. "இன்னொரு சுத்துப்பா" என்றாள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பாள், கிணற்றைக் காட்ட வேண்டிவரும். மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு போய்க் கிணற்று ஓரத்தில், களத்தைப் பார்த்தபடி கையை விரித்துக்கொண்டு நின்றாள். நான் கயிற்றை என் இடுப்பில் சுற்றி, முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டேன்.

மகளை மறுபடி ஏற்றி, மெஷினைக் கிளப்பினேன். ஒரே ஒரு சுற்று சுற்றினாள். சிரித்தாளாம். நான் பார்க்கவில்லை, கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முடிச்சு எங்கள் இரண்டு பேர் கைக்கும் அவிழவில்லை. கடைசியில் மனைவி கதிரரிவாளை எடுத்து வந்து, என் வயிற்றில் படாமல் கயிற்றை அறுத்தாள்.